மன்னிப்புக் கிடைத்த பிறகும் பாவம் ஏன் விடுவதில்லை?

உங்கள் கேள்வியைச் சுருக்கி முதலில் வைத்துக்கொள்கிறேன். “இயேசு என் பாவங்களை மன்னித்தார் என்று விசுவாசிக்கிறேன். ஞானஸ்நானமும் பெற்றுவிட்டேன். ஆனாலும் ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். ஒவ்வொரு முறையும் அழுது ஜெபிக்கிறேன், இனிச் செய்யமாட்டேன் என்று பொருத்தனை பண்ணுகிறேன். சில வாரங்களில் பழைய இடத்திலேயே கிடக்கிறேன். பாவத்தின் தண்டனையிலிருந்து விடுதலை என்பது புரிகிறது. அதன் வல்லமையிலிருந்து விடுதலை என்று ஒன்று நிஜமாகவே உண்டா? என்னைப் போன்றவனை ஆண்டவர் எத்தனை முறைதான் மன்னிப்பார்?”

எந்தப் பாவம் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு அது தெரிய வேண்டியதும் இல்லை. விடுதலை உண்டு. ஆனால் அதை நீங்கள் தேடுகிற வரிசை தலைகீழாக இருக்கிறது என்று நினைக்கிறேன். முதலில் பாவத்தை ஜெயிக்க வேண்டும், அதன் பிறகுதான் தேவனுக்கு முன்பாக நிற்க முடியும் என்று உங்கள் மனம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. பவுல் போடும் கணக்கு வேறு. ரோமர் 6:14-ஐ மெதுவாக வாசியுங்கள்: “நீங்கள் நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால், பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது.” நியாயப்பிரமாணம் என்பது மோசே மூலம் தேவன் கொடுத்த கட்டளைகள். பாவம் ஏன் மேற்கொள்ளாது? நீங்கள் உறுதியான மனிதர் என்பதாலா? அதிகமாக ஜெபிக்கிறீர்கள் என்பதாலா? இல்லை, கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறீர்கள் என்பதால். அதாவது, மன்னிப்பு ஒரு பக்கம், பாவத்தை ஜெயிக்கும் பெலன் இன்னொரு பக்கம் என்று இரண்டு தனிப் பொருள்கள் கிடையாது. மன்னிப்பு நிஜமாக இறங்கும் இடத்தில்தான் பாவத்தின் பிடி தளர ஆரம்பிக்கிறது.

இதே எண்ணத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்லும் வசனம் ஒன்று உண்டு. அடக்க ஆராதனைகளில் அடிக்கடி வாசிக்கப்படுவதாலேயே நாம் அதைக் கவனிக்காமல் தாண்டிப்போகிறோம்: “மரணத்தின் கூர் பாவம், பாவத்தின் பெலன் நியாயப்பிரமாணம்” (1 கொரிந்தியர் 15:56). பாவத்துக்குப் பெலன் கொடுப்பது நியாயப்பிரமாணமா? அது பரிசுத்தமானது, நன்மையானது என்று அதே பவுல் ரோமர் 7-ல் எழுதுகிறாரே? அது நல்லதுதான். ஆனால் செய், செய்யாதே என்று சொல்ல அதற்குத் தெரியும். செய்வதற்கான பெலனைக் கொடுக்க அதனால் முடியாது. மீறினவனைக் குற்றவாளி என்று தீர்க்கவும் தெரியும். அந்தத் தீர்ப்பின் கீழே கிடக்கிற மனிதனுக்குள் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் ஏற்கெனவே அனுபவித்திருக்கிறீர்கள். விழுகிறான். வெட்கப்படுகிறான். ஆதாம் தோட்டத்து மரங்களுக்குள்ளே ஒளிந்ததுபோல ஒளிகிறான். வேதத்தைத் திறக்க மனம் வராது, விசுவாசிகளைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். தேவனை விட்டு விலகி நிற்கிற இருதயம் வறண்டுபோகிறது. வறண்ட இருதயம் ஏதாவது ஓர் ஆறுதலைத் தேடும். அதற்குப் பழக்கமான ஆறுதல் எது? அதே பாவம். இப்படி, குற்ற உணர்ச்சியே அடுத்த விழுகைக்கு வழி போட்டுக் கொடுக்கிறது. பொருத்தனைகளும் இங்கே உதவுவதில்லை. நீங்கள் பண்ணின ஒவ்வொரு பொருத்தனையும் உங்களுக்கு நீங்களே எழுதிக்கொண்ட இன்னொரு பிரமாணம். அதை மீறும்போது பாவத்தோடு பொய்ச்சத்தியமும் சேர்ந்துகொள்கிறது.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் விழுந்தால் இரண்டு மூன்று நாள் ஜெபிக்காமல் இருப்பேன். பல வருடங்கள் அப்படி இருந்தேன். இந்த அசுத்தத்தோடு எப்படி அவர் சமுகத்துக்குப் போவது, கொஞ்சம் நாள் போகட்டும், ஓரளவு சுத்தமானபின் போகலாம் என்று நினைப்பேன். அதைப் பயபக்தி என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். அது அவிசுவாசம் என்று புரிய வெகுகாலம் ஆயிற்று. கிறிஸ்துவின் இரத்தம் செய்யாத எதையோ அந்த மூன்று நாள் செய்துவிடும் என்று நம்பியிருக்கிறேன். அந்த மூன்று நாளில்தான் பெரும்பாலும் மறுபடியும் விழுந்தேன்.

இப்போது பாவம் என்ற சொல்லையே பார்ப்போம். நாம் பாவங்கள் என்று பன்மையில் பேசுகிறோம்: பொய், இச்சை, கோபம், பண ஆசை. கொரிந்துவிலிருந்து ஏறக்குறைய கி.பி. 57-ல் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் 5-ஆம் அதிகாரம் தொடங்கி 8 வரை பார்த்தால், பெரும்பாலும் “பாவம்” என்று ஒருமையில் வருகிறது. அது ஆளுகை செய்கிறது, அடிமை கொள்கிறது, வஞ்சிக்கிறது, கொல்லுகிறது, சம்பளமும் கொடுக்கிறது. “பாவத்தின் சம்பளம் மரணம்” என்ற வசனத்தில் சம்பளம் என்பதற்குக் கிரேக்கத்தில் நிற்கிற ஒப்சோனியா என்ற சொல், போர்ச்சேவகர்களுக்குக் கொடுக்கும் படியையும் கூலியையும் குறிப்பது. அதற்குச் சற்று முன்னே, உங்கள் அவயவங்களை அநீதியின் ஆயுதங்களாகப் பாவத்திற்கு ஒப்புக்கொடாதிருங்கள் என்கிறார். ஆயுதம், படி, அதிகாரம்: ஒரு பாளயமே கண்முன் நிற்கிறது. பவுலுக்குப் பாவம் வெறும் தவறான செயல் அல்ல, அது ஓர் எஜமான். எஜமானிடமிருந்து அடிமை முயற்சியால் விடுதலையாக முடியாது. யாராவது அவனை மீட்க வேண்டும், அல்லது அவன் சாக வேண்டும். செத்துப்போன அடிமையை எந்த எஜமானும் வேலை வாங்க முடியாது.

கிறிஸ்துவுக்குள் இந்த இரண்டுமே நடந்தன என்பதுதான் சுவிசேஷம். நம்முடைய பழைய மனுஷன் அவரோடேகூடச் சிலுவையில் அறையப்பட்டான் என்று ரோமர் 6:6 சொல்கிறது. அதே வசனத்தில், பாவசரீரம் “ஒழிந்துபோகும்பொருட்டாக” என்று நம் தமிழ் வேதாகமத்தில் இருக்கிற இடத்தில் மூலச்சொல்லுக்கு, செயலற்றுப் போவது, அதிகாரம் இழப்பது என்ற பொருள் உண்டு. இருந்த இடம் தெரியாமல் காணாமற்போனது என்று அர்த்தம் அல்ல. ஆட்சி கவிழ்ந்தது, ஆனால் பழைய ராஜாவின் குரல் இன்னும் தெருவில் கேட்கிறது. அந்தக் குரல் கேட்கிறது என்பதற்காக ஆட்சி மாறவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

“உங்களைப் பாவத்திற்கு மரித்தவர்களாக... எண்ணிக்கொள்ளுங்கள்” என்று 11-ஆம் வசனம் சொல்கிறது. இது மனதை ஏமாற்றிக்கொள்ளும் பயிற்சி என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். நான் பாவத்துக்குச் செத்துவிட்டேன், செத்துவிட்டேன் என்று வாயால் சொல்லிக்கொண்டே இருந்தால் நடந்துவிடுமா என்று கேட்கிறார்கள். ஆனால் இந்த “எண்ணுதல்” கணக்கேட்டுச் சொல். 4-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமின் விசுவாசம் அவனுக்கு நீதியாக “எண்ணப்பட்டது” என்று வருகிறதே, மூலத்தில் அதே வினைதான். நம் தமிழிலும் அதே சொல்லாகவே அமைந்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். தேவன் உங்களை நீதிமான் என்று ஏற்கெனவே எண்ணிவிட்டார். அவர் எண்ணினபடியே நீங்களும் உங்களை எண்ணுங்கள் என்கிறார். கணக்கில் இல்லாத பணத்தை எழுதச் சொல்லவில்லை. வரவு வைக்கப்பட்டதைப் பார்த்துச் செலவு பண்ணச் சொல்கிறார். ஐந்து அதிகாரங்களுக்குமேல் தேவன் என்ன செய்தார் என்றே சொல்லிவந்த நிருபம், இந்த இடத்தில்தான் நம்மைப் பார்த்து, நீங்கள் இதைச் செய்யுங்கள் என்று பேசத் தொடங்குகிறது.

பழைய ஏற்பாட்டிலும் இதே வரிசை. பத்துக் கற்பனைகள் எப்படி ஆரம்பிக்கின்றன? கட்டளையோடு அல்ல, உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்திலிருந்து புறப்படப்பண்ணின தேவன் நானே என்ற அறிவிப்போடு. செங்கடலைக் கடந்தபின்தான் சீனாய். எகிப்தில் இருக்கும்போதே கற்பனைகளைக் கொடுத்து, இவைகளைச் சரியாகக் கைக்கொண்டால் விடுவிக்கிறேன் என்று சொல்லியிருந்தால் ஒருவனும் வெளியே வந்திருக்கமாட்டான். வெளியே வந்தவர்களுக்கும் எகிப்தின் ருசி உடனே போகவில்லை. எண்ணாகமம் 11-ல் அவர்கள் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுகிறார்கள். செங்கற்சூளையை மறந்துவிட்டார்கள், சாப்பாடு மட்டும் நாவில் நிற்கிறது. பாவத்தின் நினைவு இப்படித்தான் வேலை செய்யும். கசப்பைக் கழித்துவிட்டு ருசியை மட்டும் காட்டும். ஆனால் அழுகிற அந்த இரவில்கூட அவர்கள் பார்வோனின் அடிமைகள் அல்ல. உங்களுக்குள் பழைய ஆசை எழும்புவதை, நான் இன்னும் எகிப்தில்தான் இருக்கிறேன் என்பதற்குச் சாட்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் ரோமர் 7 என்ன? “விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்.” இது மனந்திரும்புகிறதற்கு முன்னான மனிதனா, விசுவாசியா என்று பதினாறு நூற்றாண்டுகளுக்கும் மேலாக விவாதம் நடக்கிறது. பண்டைய சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனே முதலில் ஒரு விதமாகவும், பிற்காலத்தில் வேறு விதமாகவும் விளக்கினார். நான் அந்த விவாதத்தை இங்கே தீர்க்கப்போவதில்லை. எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றைக் கவனிக்கலாம். 7-ஆம் வசனம் முதல் அதிகாரத்தின் முடிவுவரை நான், என், எனக்குள் என்றே ஓடுகிறது. பரிசுத்த ஆவியானவரின் பெயர் ஓரிடத்திலும் வராது. 8-ஆம் அதிகாரத்தைத் திறந்தால் ஆவி என்ற சொல் ஏறக்குறைய 20 முறை வருகிறது. நடுவில் இருக்கிற கதவு 8:1: கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை. முதலில் அந்த வாக்கியம், பிறகுதான் ஆவியின் பிரமாணம் என்னை விடுதலையாக்கிற்று என்ற அடுத்த வசனம். மறுபடியும் அதே வரிசை.

அகுஸ்தீனைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அவர் கதை உங்களுக்கு உதவும். 354-ல் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தேயில் பிறந்தவர். பெரிய பேச்சாளர், அறிவாளி. கிறிஸ்தவ சத்தியம் சரிதான் என்று புத்தி ஒப்புக்கொண்டபிறகும் இச்சையை விட முடியவில்லை. தன் நிலையை அவர் ஒரு சங்கிலியாக விவரிக்கிறார்: கோணலான விருப்பத்திலிருந்து இச்சை, இச்சைக்கு இணங்க இணங்கப் பழக்கம், பழக்கத்தைத் தடுக்காமல் விட்டபோது அது இல்லாமல் முடியாது என்ற நிலை. வேறொருவன் போட்ட இரும்பு அல்ல, தன் சொந்த விருப்பமே இரும்பாக மாறியது என்கிறார். 386-ல் மிலான் நகரில் ஒரு தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது, எடுத்து வாசி என்று ஒரு பிள்ளையின் குரல் கேட்டு, பவுலின் நிருபத்தைத் திறந்தார். கண்ணில் பட்டது ரோமர் 13:13-14: துர்இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாமல், கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவைத் தரித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு, 387-ன் உயிர்த்தெழுதல் பண்டிகையில் மிலான் பேராயர் அம்புரோஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இந்த அளவோடு கதையை நிறுத்திவிடுகிறவர்கள் உங்களைப் போன்றவர்களுக்குத் தீங்கு செய்கிறார்கள். ஏனென்றால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, பேராயரான பிறகு, இந்தக் கதையைச் சொல்லி எழுதிய அதே சுயசரிதையில், இரவில் வரும் கனவுகளோடும் உணவின்மீதான ஆசையோடும் தனக்கு இன்னும் இருக்கும் போராட்டத்தை அவர் ஒளிக்காமல் எழுதுகிறார். அடிமைத்தனம் முடிந்தது. போராட்டம் முடியவில்லை. அவர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை.

போராட்டம் இந்த வாழ்நாளில் முழுதும் ஓயுமா என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஞானஸ்நானத்துக்குப் பின்னும் மனிதனில் தங்குகிற ஆசையின் சாய்வு, பாவத்திலிருந்து வந்தது, பாவத்துக்கு இழுப்பது, ஆனால் இணங்காதவரை அதுவே பாவம் ஆகாது என்று 1546-ல் கத்தோலிக்க சபையின் திரெந்து சங்கம் சொன்னது. அந்தச் சாய்வையே பாவம் என்றார் சபைச் சீர்திருத்தவாதி லூத்தர். விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும் என்பது அவர் போதனை. துறவியாக இருந்த நாட்களில் மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்து, வெளியே வந்ததும் இன்னொன்று ஞாபகம் வந்து திரும்பிப் போனவர் அவர். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியோ, அன்பில் பூரணப்படுவது இம்மையிலேயே கூடும் என்றார். ஆனால் அவரும் அறியாமையும் சோதனையும் தவறும் இல்லாத ஒரு நிலையைப் போதிக்கவில்லை. எனக்கு 1 யோவான் 1:8 போதும்: நமக்குப் பாவமில்லையென்போமானால் நம்மை நாமே வஞ்சிக்கிறோம். அதே நிருபத்தின் 3-ஆம் அதிகாரம், தேவனால் பிறந்தவன் பாவத்தில் நிலைத்திருக்கமுடியாது என்கிற கருத்தில் கடுமையாகப் பேசுகிறது. இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். நீங்கள் விழுந்த இடத்தில் படுத்துத் தூங்க முடியாமல் தவிக்கிறீர்களே, அந்தத் தவிப்பே உங்களுக்குள் புதிய ஜீவன் இருப்பதன் அடையாளம் என்று நான் நம்புகிறேன்.

நடைமுறைக்கு வருகிறேன். ரோமர் 8:13, ஆவியினாலே சரீரத்தின் செய்கைகளை அழித்தால் பிழைப்பீர்கள் என்கிறது. அழிப்பது நீங்கள்தான், ஆனால் ஆவியினாலே. எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார் என்று கைகட்டி உட்காருவதும் தவறு, எல்லாம் என் கையில் என்று பல்லைக் கடிப்பதும் தவறு. முதலாவது, பாவத்துக்கு அதன் பெயரைச் சொல்லுங்கள். “ஆண்டவரே, என் குறைகளை மன்னியும்” என்கிற பொதுவான ஜெபம் எதையும் தொடாது. இன்ன நாளில், இன்ன ஆளிடம், இன்ன பொய்யைச் சொன்னேன் என்று சொல்லுங்கள். பிறகு, அது எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். உடலைப் பேணாமல் என்ற வசனத்தின் கருத்து அதுதான். இச்சைக்கு முன்கூட்டியே தீனி ஏற்பாடு செய்து வைக்காதே. தனிமையான நேரமா, களைப்பா, கைபேசியா, ஒரு குறிப்பிட்ட நட்பா? யோசேப்பு போத்திபாரின் மனைவியோடு நின்று தர்க்கம் பண்ணிக்கொண்டிருக்கவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். சில பாவங்களோடு எதிர்த்து நிற்கச் சொல்லவில்லை, விலகியோடச் சொல்லியிருக்கிறது.

விட்டுவிடுவது மட்டும் போதாது என்பதை எபேசியர் 4:28 எவ்வளவு அழகாகச் சொல்கிறது பாருங்கள். திருடுகிறவன் இனித் திருடாமல் இருக்கட்டும் என்று நிறுத்தவில்லை. கைகளினால் வேலைசெய்து, குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கட்டும் என்கிறது. எடுத்த கையே கொடுக்கிற கையாக மாறும்போதுதான் திருட்டு முடிகிறது. பெருக்கி அலங்கரித்துக் காலியாகக் கிடந்த வீட்டுக்கு ஏழு ஆவிகளோடு திரும்பி வந்த அசுத்த ஆவியைப் பற்றி இயேசு சொன்னதும் இதே எச்சரிக்கைதான். உங்கள் பாவம் வந்து உட்காரும் அந்த நேரத்தையும் அந்த இடத்தையும் எதைக் கொண்டு நிரப்பப்போகிறீர்கள்?

அடுத்தது நீங்கள் தவிர்க்க விரும்புவது. ஒருவரிடம் சொல்லுங்கள். உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள் என்று யாக்கோபு 5:16 சொல்வதற்குக் காரணமும் அங்கேயே இருக்கிறது: நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு. தேவனிடம் மட்டும் வருடக்கணக்காகச் சொல்லியும் விடாத பாவம், பக்குவமுள்ள ஒரு சகோதரனிடம் வாய்திறந்து சொன்ன அன்று பாதிப் பலத்தை இழந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வாயை அடக்கத் தெரிந்தவராக, தானும் மன்னிக்கப்பட்டவன் என்று அறிந்தவராக இருக்க வேண்டும். உங்கள் பாவம் இன்னொருவருக்கு நஷ்டம் உண்டாக்கியிருந்தால், சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க முன்வந்ததை மறக்க வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள். குடி, போதை போன்றவற்றில் சரீரமும் கட்டுப்பட்டிருக்கிறது. நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல. அதேபோல, சின்னச் சின்ன நினைவுகளையும் மன்னிக்கப்படாத பாவமோ என்று நாள் முழுதும் அஞ்சிக்கொண்டே இருப்பது மனநலச் சிக்கலாகவும் இருக்கலாம், அதற்கும் சிகிச்சை உண்டு. இன்னொன்று, திரும்பத் திரும்ப விழுகிறாயா, அப்படியானால் உனக்குள் ஒரு பிசாசு இருக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே பயந்துவிடாதீர்கள். பிசாசின் தந்திரம் உண்மை. ஆனால் கொரிந்து சபையில் இருந்த வேசித்தனத்தையும் வெறிகொள்ளுதலையும் பற்றிப் பவுல் எழுதியபோது அவற்றின் ஆவிகளைத் துரத்தச் சொல்லவில்லை. நீங்கள் கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள், உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று அவர்கள் யார் என்பதை நினைப்பூட்டினார்.

கடைசியாக, எத்தனை முறை மன்னிப்பார் என்று கேட்டீர்கள். ஏழுதரமட்டுமோ என்று இதே கேள்வியைச் சகோதரனை முன்னிட்டுக் கேட்ட பேதுருதான் பிற்பாடு ஒரே இரவில் இயேசுவை மூன்று தரம் மறுதலித்தான், கரிநெருப்பண்டை குளிர்காய்ந்துகொண்டே. யோவான் 21-ல் உயிர்த்தெழுந்தவர் கரையில் நிற்கிறார். அவர் கர்த்தர் என்று தெரிந்தவுடன் பேதுரு என்ன செய்தான்? படகு கரைசேரக் காத்திருக்கவில்லை. மறுதலித்தவன் எந்த முகத்தோடு போவது என்று பின்னால் ஒதுங்கவும் இல்லை. மேற்சட்டையைக் கட்டிக்கொண்டு கடலில் குதித்தான். கரை இருநூறு முழத் தூரத்தில் இருந்தது. அங்கேயும் கரிநெருப்பு மூட்டியிருந்தது, அதின்மேல் மீன். முதலில் சாப்பிட வைத்தார். பிறகு, இனி மறுதலிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணு என்று கேட்கவில்லை. நீ என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் தம்முடைய ஆடுகளை அவன் கையில் ஒப்புக்கொடுத்தார்.